பெருமாள் தங்கிய ஊரில் இரண்டு மணி நேரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நண்பர் ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் வந்து சேர்ந்தார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் திட்டம் போடாமல் செய்ய மாட்டார். அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குப் போட்ட திட்டத்தில் சம்பந்தி சண்டைக்கென்று கூட அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

"மே மாதம் குடும்பத்தோடு திருச்சிப் பக்கம் போகிறோம். பேரன் பேத்திகளுக்கு லீவு. நீர் அந்தப் பக்கத்துக்காரர் ஆயிற்றே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்" என்று காகிதத்தை நீட்டினார்.

பார்த்தேன். காலை ஆறு மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறார்கள். ஆறரைக்குக் குளியல், சிற்றுண்டி. ஏழரைக்கு மலைக்கோட்டை. ஒன்பது மணிக்கு ஸ்ரீரங்கம். பதினொன்றுக்குத் திருவானைக்காவல். பதினொன்றே முக்காலுக்குச் சமயபுரம். பிறகு சாப்பாடு, கல்லணை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில். இரவு கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதும்!

"ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு மணி நேரமா?" என்று கேட்டேன்.

"ஏன், அதிகமோ?" என்றார் நண்பர், உண்மையான கவலையோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது இன்னும் தணியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இதே நண்பர் இரண்டு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் போயிருந்தார். பிள்ளை தாய் தகப்பனாரை ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதிக்கு அழைத்துப் போனான். செவில், கார்டோபா, கிரனாடா என்று மூன்று ஊர்கள். அந்தப் பிரயாணத்துக்கு எட்டு மாதம் முன்பிருந்தே ஏற்பாடு நடந்தது. கிரனாடாவில் அல்ஹாம்ப்ரா என்று ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். உள் அரண்மனைக்குள் எத்தனை மணிக்கு நுழைய வேண்டும் என்பதைச் சீட்டிலேயே அச்சிட்டு விடுவார்கள். நண்பர் குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போய் நின்றாராம். கிரனாடாவில் மட்டும் மூன்று நாள் தங்கினார். திரும்பி வந்து எங்களுக்கு ஒரு மாத காலம் பிரசங்கம் செய்தார்.

"மத்தியானத்தில் கடையை அடைத்துவிடுகிறான் ஐயா! வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம்தான் திறக்கிறான். வாழத் தெரிந்த ஜனங்கள்! நாமும் அறையிலே படுத்துத் தூங்கிவிட்டு ஆறு மணிக்கு மேல் வீதியில் நடந்தோம். ஆகா, அதுவல்லவா விடுமுறை!"

அப்படிச் சொன்ன நண்பர் என்னிடம் நீட்டிய காகிதத்தில், திருவானைக்காவல் என்று எழுதியதற்குப் பக்கத்தில், சிவப்பு மசியால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். ஜாக்கிரதை!" ஸ்பெயின் தேசத்துக் கடைக்காரன் கதவைச் சாத்தினால் அது வாழத் தெரிந்த லட்சணம், அகிலாண்டேசுவரி கதவைச் சாத்தினால் பிரயாணத்துக்கு இடைஞ்சல்!

நண்பர் கிரனாடாவுக்கு மூன்று நாள் கொடுத்ததைத் தவறென்று நான் சொல்லவில்லை. அது ரொம்பச் சரி. அந்த ஊரைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர். அவர் 1829-ஆம் ஆண்டு கோடையில் அல்ஹாம்ப்ரா அரண்மனைக்குள்ளேயே குடியிருந்தார். அரசர்கள் போய் வெகு காலமாகியிருந்தது. இடிந்த மூலைகளில் ஏழைக் குடும்பங்கள் சில வசித்து வந்தன. இர்விங் அந்த ஏழைகளுடன் பேசிப் பழகினார். அவர்கள் பாட்டன் பாட்டியிடம் கேட்ட கதைகளைக் கேட்டார். 1832-இல் புத்தகம் வெளிவந்தது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வண்டி ஏறுகிறவர் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க முடியாது.

இன்றைக்கு அந்த அரண்மனையில் அரசரும் இல்லை, இர்விங் பார்த்த ஏழைக் குடும்பங்களும் இல்லை. அருமையாகக் காப்பாற்றப்படும் அழகான காலி வீடு அது. காலி வீட்டுக்கு மூன்று நாள் கொடுக்கத் தெரிந்த நமக்கு, ஆள் நடமாடும் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் அதிகமாகத் தோன்றுகிறது. என் கோபம் இதுதான்.

ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர் பரப்புள்ளது, 7 பிராகாரங்கள் உள்ளது, 21 கோபுரங்கள் உள்ளது என்று எல்லாருக்கும் தெரியும். நாயக்கர் காலத்திலிருந்து மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரத்தை 1987-இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்குக் கட்டி முடித்ததும் தெரியும். கைபேசியைத் தட்டினால் அதுவே இத்தனையும் சொல்லும். ஆனால் அந்த 7 பிராகாரங்களில் வெளியே உள்ள மூன்றும் என்ன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவை வீதிகள்! அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஜனங்கள் குடியிருக்கும் வீதிகள். கோலம் போட்ட வாசல்களும், மளிகைக் கடையும், பூக்கடையும், பள்ளிக்கூடத்துக்கு ஓடும் குழந்தைகளும் கோயிலின் மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. கோயிலைச் சுற்றி ஊர் இருப்பது தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. இங்கே கோயிலுக்குள்ளேயே ஊர் இருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? காரை உள்ளே எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகிறோம். இறங்கியவுடன் வரிசையில் நிற்கிறோம். தரிசனம் முடிந்ததும் வெளியே வந்து, "கோயிலைப் பார்த்தாயிற்று" என்று சொல்லிக்கொண்டு கார் ஏறுகிறோம். 7 சுற்றில் 3 சுற்றைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அதுவும் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டே பார்த்தோம்! கோயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி நமக்கு வண்டி நிறுத்தும் இடமாகப் போய்விட்டது.

நிதானமாகத் தங்குகிறவர்களும் இல்லாமலில்லை. சித்திரைத் தேரின்போது போய்ப் பாருங்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேருவார்கள். காவேரியில் குளித்து, வீதி ஓரத்தில் படுத்து, விடியற்காலையில் எழுந்து தேர் வடம் பிடிப்பார்கள். எந்த வாசல் வழியாகப் போனால் எந்த வீதி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அறை வாடகைக்குக் காசில்லாதவன் தங்குகிறான். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்க வசதி உள்ளவன் ஓடுகிறான்.

பெருமாள் அந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்ற கதையை நினைத்துப் பாருங்கள். ராம பட்டாபிஷேகம் முடிந்து இலங்கைக்குத் திரும்பும் விபீஷணன் கையோடு ரங்கநாதரை எடுத்துப் போகிறான். காவேரிக் கரையில் ஒரு வேளை அனுஷ்டானத்துக்காக நிற்கிறான். பிள்ளையார் சிறு பையனாக வந்து விக்கிரகத்தை வாங்கி, தரையில் வைத்துவிட்டு ஓடிப் போய் மலைக்கோட்டை உச்சியில் உட்கார்ந்துகொள்கிறார். விபீஷணன் திரும்பி வந்து எடுக்கப் பார்க்கிறான், அசையவில்லை. அதாவது, இலங்கைக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் இறங்கிய பெருமாள், ஊரைப் பார்த்தார், அப்படியே படுத்துவிட்டார்! விபீஷணனுக்குத் திருப்தி ஏற்பட வேண்டுமே என்று தெற்கு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஊருக்கு அவசரமாக வந்த முதல் பிரயாணிக்கு நேர்ந்தது இது. அதற்குப் பிறகும் நாம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

கதைதானே என்பீர்கள். கல்வெட்டுக்கு வாருங்கள். மலைக்கோட்டையில் படி ஏறும்போது, உச்சிப் பிள்ளையாரை எட்டுவதற்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயில் ஒன்று வருகிறது. கங்கையைச் சடையில் தாங்கும் சிவபெருமான் அங்கே சுவரில் நிற்கிறார். தூணில் அரசன் வடமொழியில் சுலோகங்கள் வெட்டி வைத்திருக்கிறான். அவற்றில் ஒன்றின் கருத்து இது: நதிகளிடம் ஆசையுள்ள சிவன், கீழே ஓடும் காவேரியின் அழகைக் கண்டு எங்கே மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயம் வந்ததாம். அதனால் பிறந்த வீடாகிய இமயமலையை விட்டுவிட்டு, இந்த மலையிலேயே நிரந்தரமாகக் குடியேறி, இந்த நதி பல்லவனுடைய பிரியை என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாளாம்! கல்லில் வெட்டும்போது கூட அந்த அரசனுக்கு விளையாட்டுப் போகவில்லை. எத்தனை ஆயிரம் பேர் தினமும் அந்தக் குகையைத் தாண்டிப் போகிறோம்! உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் இறங்க வேண்டுமே, குகையில் நிற்க நேரம் ஏது?

பெருமாள் ஊரை விட்டு நகரவே இல்லையா என்றால், உற்சவர் ஒரு முறை நெடுந்தூரம் போக நேர்ந்தது. 1323-இல் டில்லி சுல்தானின் படை வந்தபோது, பிள்ளை லோகாசாரியர் முதலியோர் அவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். காடும் மலையுமாக அலைந்து, திருப்பதி மலையில் வெகு காலம் இருந்து, 1371-இல்தான் அவர் திரும்பி வந்தார். 48 வருஷம்! திரும்பியபோது அவரை அடையாளம் சொல்லக்கூடியவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனத்துணியின் ஈரத்திலிருந்தே கண்டுகொண்டு "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் வழங்குகிறது. வரிசையில் நம்மை அரை நிமிஷம் நிறுத்தி, "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிறார்களே, அந்த அரை நிமிஷத்தில் நாம் பார்ப்பது இவரைத்தான். இந்தக் கதை தெரிந்து அரை நிமிஷம் நிற்பது வேறு, தெரியாமல் ஒரு மணி நிற்பது வேறு. கதையைத் தெரிந்துகொள்ள ஊரில் ஒரு சாயந்திர வேளையாவது யாருடனாவது பேசிக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்தப் பெருமாள் இப்போதும் வெளியூர் போகிறார். அவருடைய பிரயாணத் திட்டத்தை என் நண்பர் பார்க்க வேண்டும். பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் ஜீயபுரத்துக்குப் புறப்படுகிறார். போய் அங்கேயே மண்டபத்தில் தங்குகிறார். பேரன் ரங்கன் வேஷத்தில் ஒரு பாட்டியிடம் சோறு வாங்கிச் சாப்பிட்ட பழைய உறவு அந்த ஊரோடு அவருக்கு உண்டு என்பார்கள். இன்னொரு நாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். உறையூர் ஆதிச் சோழர் தலைநகரம், நாச்சியார் பிறந்த வீடு. அந்த நாள் முழுவதும் அங்கேதான். ஒரு நாளுக்கு ஓர் ஊர்! இவ்வளவுக்கும் அவர் ஊர் திரும்பியதும் ஸ்ரீரங்க நாச்சியார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறாள். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளவும் சமாதானமாகவும் கூட அங்கே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் நண்பரின் சம்பந்தி சண்டைத் திட்டத்துக்கு முன்மாதிரி பங்குனி உத்திரத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு உபதேசம் செய்கிற நானும் அந்தக் காகிதத்தைப் போட்டவன்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு போனோம். திட்டம் போட்டவன் நான். எங்களோடு என் அத்தையும் வந்தாள். அவள் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில். கல்யாணமாகிப் போனபின் ஊர்ப் பக்கம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் நாள் இரவு அவள் தூங்கவே இல்லை என்று அப்புறம் தெரிந்தது.

மலைக்கோட்டையில் நானூறு படிக்கு மேல். அத்தைக்கு முழங்கால் வலி. செருப்பு வைக்கும் இடத்தில் கூட்டம். பத்து நிமிஷமாவது ஆகும். அத்தையே சொன்னாள்: "நீங்கள்ளாம் போயிட்டு வாங்க. நான் இப்படி உக்காந்து செருப்பைப் பாத்துக்கறேன்." எங்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். பதினோரு ஜோடிச் செருப்புக்கு நடுவில் அவளை உட்கார வைத்துவிட்டு ஏறினோம்.

ஸ்ரீரங்கத்தில் தரிசனம் ஆயிற்று. வெளியே வந்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து, "ஏண்டா, கீழச் சித்திரை வீதி இதோ அஞ்சு நிமிஷ நடைதான். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சமயபுரம் நடை சாத்திவிடும். "அடுத்த தடவை பார்க்கலாம் அத்தை" என்றேன்.

"சரிடா" என்றாள்.

வேன் கொள்ளிடம் பாலத்தின் மேல் போகும்போது, அத்தை என் குழந்தைகளுக்கு அந்த வீதியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முனையில் முதல் வீட்டில் யார், அடுத்த வீட்டுத் திண்ணையில் என்ன விளையாட்டு, எந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும், தேர் வரும்போது எந்த மாடியில் ஏறி நின்றால் நன்றாகத் தெரியும் என்று வீடு வீடாகச் சொன்னாள். குழந்தைகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தன. சமயபுரத்தில் நடை சாத்தியிருந்தது.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அத்தை போய்விட்டாள். அன்று மாலை நாங்கள் பார்த்த மற்ற ஊர்களில் ஒன்று கூட எனக்கு நினைவில்லை. பார்க்காத அந்தக் கீழச் சித்திரை வீதிதான் நினைவில் இருக்கிறது.

சரி, நண்பர் கட்சிக்கு வருகிறேன். அவர் மூன்று ஆட்சேபங்கள் சொன்னார்.

முதலாவது, செலவு. நாலு நாள் தங்கினால் பணம் என்ன ஆவது? இரண்டு நாளில் பதினைந்து ஊர் சுற்றும் வேனுக்கும் பெட்ரோலுக்கும் வழிநெடுக ஹோட்டல் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓர் ஊரில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போனால் அவ்வளவு ஆகாது. கணக்கில் கெட்டிக்காரர், பதில் சொல்லவில்லை.

இரண்டாவது, லீவு. எல்லாருக்கும் நாலு நாள் கிடைக்குமா? கிடைக்காதுதான். ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் ஒரே இடத்துக்குப் போங்கள். அந்த ஒரு நாளை ஸ்ரீரங்கத்துக்கே கொடுங்கள். தஞ்சாவூர் எங்கும் ஓடிப் போய்விடாது. ராஜராஜன் ஆயிரம் வருஷமாகக் காத்திருக்கிறான். அடுத்த லீவு வரையில் காத்திருக்க மாட்டானா?

மூன்றாவது, "நாலு நாள் அங்கே என்ன ஐயா செய்வது?" என்பது. இதுதான் உண்மையான ஆட்சேபம். மற்ற இரண்டும் வெறும் சாக்கு.

செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் மே மாதத்தை அடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் திருச்சியின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்பது தவமாக இருக்கலாம், விடுமுறையாகாது. காவேரியும் அப்போது பெரும்பாலும் மணல்தான். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அணையில் நீர் இருந்து திறந்தால், சில நாளில் தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேரும். ஆகையால் ஆடி மாதத்தில் ஒரு சனி ஞாயிறோடு இரண்டு நாள் லீவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் மார்கழி, தை. மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று ஸ்ரீரங்கம் முழுவதும் திவ்யப் பிரபந்தமாக ஒலிக்கும். வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் வர வேண்டாம்.

முதல் நாள் ஒன்றும் பார்க்காதீர்கள். சாயந்திரம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து காவேரியைப் பாருங்கள். ராஜகோபுரத்தில் நுழைந்து, அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று வெளியிலிருந்து உள்ளே நடந்து போங்கள். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் தைத் தேர் உத்திர வீதிகளிலும் ஓடும். தேர் திரும்புகிற அந்த மூலைகளில் குழந்தைகளை நிறுத்தி, அவ்வளவு பெரிய தேர் எப்படித் திரும்பும் என்று கேளுங்கள். அவர்களே ஆளுக்கொரு விடை சொல்வார்கள்.

மறுநாள் விடியற்காலையில் விசுவரூப தரிசனம். பசுவும் யானையும் பெருமாள் முன் வந்து நிற்கும், வீணை வாசிப்பார்கள். ஊர் எழுந்திருப்பதைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பிறகு சேஷராயர் மண்டபத்தில், முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகளின் முன் ஒரு மணி நேரம். ராமானுஜர் சந்நிதியில் ஒரு கால் மணி. பூஜைக்காகத் திரை போட்டிருந்தால் முணுமுணுக்காமல் பிராகாரத்தில் உட்காருங்கள்.

மூன்றாம் நாள் திருவானைக்காவல். உச்சிக் காலத்துக்குப் போங்கள். அர்ச்சகர் புடவை உடுத்திக் கிரீடம் வைத்து, அம்பிகையாகவே நடந்து போய் ஜம்புகேசுவரருக்குப் பூஜை செய்வார். நண்பர் "ஜாக்கிரதை" என்று எழுதிய நேரம் அதை ஒட்டியதுதான்! பூஜை முடிந்து நடை சாத்தினால் என்ன? சர். சி. வி. ராமன் 1888-இல் பிறந்த ஊர் அது. நிழலான வீதியில் நடந்து, நல்ல நெய்த் தோசை சாப்பிட்டுவிட்டு, ஸ்பெயின் தேசத்தில் தூங்கியது போல் இங்கேயும் தூங்கலாம், யாரும் தடுக்கவில்லை.

நாலாம் நாள் மலைக்கோட்டை. மாலை வெயில் தாழ்ந்ததும் ஏறுங்கள். கார்டோபாவில் ஒரு பெரிய மசூதி 1236-இல் மாதா கோயிலாக மாறிய கதையை நண்பர் உணர்ச்சியோடு சொல்வார். மலைக்கோட்டை உச்சியில் நின்று பாருங்கள். வடக்கே காவேரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். கீழே தெப்பக்குளத்தருகே லூர்து மாதா கோயிலின் ஊசிக் கோபுரம். சற்றுத் தள்ளி ஊருக்குள் நத்தர்வலி தர்கா. இந்த ஊருக்காகப் பல்லவனும் பாண்டியனும் நாயக்கனும் நவாபும் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டார்கள். 1752-இல் ஸ்ரீரங்கம் தீவில்தான் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சண்டைக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. இதற்கு நேரம் அச்சிட்ட காகிதம் இல்லை.

அவசரத்தால் நஷ்டம் நமக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். ஊருக்கும் நஷ்டம். இரண்டு மணி நேரத்துக்கு வருகிறவனுக்கு என்ன தேவை? வண்டி நிறுத்த இடம், அவசரமாகச் சாப்பிட ஒரு கடை, கழிப்பிடம். அவனுக்குத் திண்ணை தேவையில்லை. கதை சொல்லும் கிழவர் தேவையில்லை. கேட்கிறவன் இல்லாத சரக்கை எந்த ஊர் வைத்துக்கொண்டிருக்கும்? திண்ணை வைத்த பழைய வீடுகள் குறைந்து மாடிக் கட்டடங்கள் எழும்புவதைப் பார்த்து, "ஐயோ, பழைய ஸ்ரீரங்கம் போய்விட்டதே!" என்று வேனில் உட்கார்ந்து நாமே அங்கலாய்க்கிறோம். ஸ்ரீரங்கம் கோயிலின் புனருத்தாரணப் பணிக்காக 2017-இல் யுனெஸ்கோ ஒரு விருது கொடுத்தது. கல்லைக் காப்பாற்றப் பிறர் இருக்கிறார்கள். வீதியைக் காப்பாற்ற வேண்டியவர்கள், அதில் குடியிருப்பவர்களும் அதில் நடப்பதற்காக வருகிறவர்களும்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "எங்கள் வீட்டில் அவளுடைய அம்மாவும் வருகிறாள். எண்பது வயசு. அவளுக்கு முழங்கால் முடியாது. அதனால் மலைக்கோட்டையில் அவளைக் கீழேயே..." என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வாசகர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். எத்தனை நாள் தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் உங்கள் சௌகரியம். ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன், வீட்டிலுள்ள பெரியவளை ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு அங்கே எதைப் பார்க்க வேண்டும்?" அவள் சொல்லும் இடத்தைக் காகிதத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். செருப்புக்கு அவளைக் காவல் வைக்காதீர்கள். தொலைந்தால் தொலைந்து போகட்டும்; பெரிய கடை வீதியில் வேறு செருப்பு வாங்கிக்கொள்ளலாம்.